பைபாஸ் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு துடிப்பு தடம் மாறினால்: கனடாவின் சர்ச்-ஏ.எஃப். ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

163 பேரில் 32 பேர். 173 பேரில் 3 பேர்.

இரண்டு குழுவிலும் இருந்தவர்கள் ஒரே மாதிரியான நோயாளிகள்தான். பைபாஸோ வால்வு அறுவையோ முடிந்து, துடிப்பு சீராக இருக்கிறது, கிளம்பலாம் என்று டாக்டர் சொல்லி வீட்டுக்குப் போனவர்கள். முதல் குழுவின் நெஞ்சில் ஒரு சின்ன இசிஜி பட்டை ஒட்டியிருந்தார்கள், இரண்டாவது குழுவுக்கு அது இல்லை, வழக்கம்போல மருந்து, செக்-அப், ஏதாவது தொந்தரவு என்றால் வாருங்கள் என்ற வார்த்தை, அவ்வளவுதான். அடுத்த 30 நாளில் எத்தனை பேருக்குத் துடிப்பு தாறுமாறாகப் போனது என்று எண்ணியபோது வந்த கணக்குதான் மேலே இருப்பது. 19.6 சதவீதம் ஒரு பக்கம், 1.7 சதவீதம் இன்னொரு பக்கம்.

பட்டை ஒட்டியதால் யாருக்கும் இதயம் கெட்டுப்போகாது. அப்படியென்றால் பட்டை இல்லாத குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு ஆட்களுக்குத் துடிப்பு மாறியிருக்க வேண்டும். அது யாருக்கும் தெரியாமலே வந்து போயிருக்கிறது.

இந்த ஆய்வின் பெயர் சர்ச்-ஏ.எஃப். கார்டியோலிங்க்-1. டொரன்டோவில் இருக்கும் இதய மருத்துவர் ஆண்ட்ரூ ஹா, இதய அறுவை மருத்துவர் சுபோத் வர்மா முதலானவர்கள் முன்னின்று நடத்தியது. கனடாவின் 10 மையங்களில், 2017 மார்ச்சிலிருந்து 2020 மார்ச் வரை 336 பேரைச் சேர்த்தார்கள், முடிவு 2021 ஆகஸ்டில் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்தது. அணிந்துகொள்ளும் கருவிகளைப் பற்றி வரும் செய்திகளில் பாதி விளம்பரமாகவே இருக்கும். இது சீட்டுக் குலுக்குவதுபோல ஆட்களை இரண்டாகப் பிரித்து முறையாகச் செய்த ஆய்வு என்பதால்தான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் மேலறைகள் ஒரே இடத்திலிருந்து வரும் மின்துடிப்புக்குக் கட்டுப்பட்டுச் சுருங்க வேண்டும். ஏ.எஃப். வந்தால் பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் மின்துடிப்பு கிளம்பி, மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தில் சிலது கீழறைக்கு இறங்கும், பலது இறங்காது, அதனால் நாடியைப் பிடித்துப் பார்த்தால் எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் இருக்கும். மயக்கமோ படபடப்போ மூச்சுவாங்கலோ வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். பயம் துடிப்பைப் பற்றியதை விட ரத்தத்தைப் பற்றியதுதான்: இடது மேலறையோடு ஒட்டிய ஒரு சின்னப் பை இருக்கிறது, மேலறை சுருங்காதபோது அதற்குள் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இதய அறுவைக்குப் பிறகு இது வருவது அபூர்வமே இல்லை. பைபாஸ் மட்டும் செய்தவர்கள், வால்வும் சேர்த்துச் செய்தவர்கள் என்று ஆளுக்கு ஆள் மாறினாலும், மொத்தத்தில் 100-க்கு 20 முதல் 40 பேருக்கு வருகிறது என்பது பல ஆண்டுகளாகவே தெரிந்த கணக்கு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் உச்சம். அறுவையால் வரும் அழற்சி, ஏறிக்கிடக்கும் அட்ரினலின், குறைந்துபோன பொட்டாசியமும் மக்னீசியமும், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த பீட்டா பிளாக்கரை (துடிப்பின் வேகத்தை மட்டுப்படுத்தும் மாத்திரை) இடையில் நிறுத்தியது, இப்படிக் காரணங்கள் நிறைய. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் தேங்கும் ரத்தமும் மேலறையை உறுத்துகிறது. நியூயார்க்கில் மரியோ கவுதினோ குழு 420 பேரை வைத்துச் செய்து 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், அந்த உறையின் பின்பக்கம் ஒரு கீறல் போட்டு ரத்தம் இடது நெஞ்சறைக்குள் வடிய வழி செய்தார்கள், ஏ.எஃப். வந்தவர்கள் 32 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கினார்கள். இவ்வளவு எளிய கைவேலை ஒன்று அந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். சரி, அது வேறு கதை.

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நோயாளியின் நெஞ்சில் வயர்கள் இருக்கும், நர்ஸ் மேஜையில் திரை ஓடிக்கொண்டிருக்கும், துடிப்பு மாறினால் சில நொடியில் தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் அன்று வயரைக் கழற்றுகிறார்கள். அதற்கு அப்புறம் அடுத்த செக்-அப்பில் எடுக்கும் ஒரு இசிஜி, அதுவும் 10 நொடிப் பதிவு. வந்து வந்து போகும் ஏ.எஃப். சரியாக அந்த 10 நொடியில் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, தெருவில் திருடன் நடமாடுகிறானா என்று தெரிந்துகொள்ள மாதம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து பார்ப்பது மாதிரி.

சர்ச்-ஏ.எஃப். யாரைச் சேர்த்தது என்பது முக்கியம். முன்பு ஏ.எஃப். இருந்தவர்கள் கிடையாது. அறுவைக்குப் பிறகு வார்டிலேயே ஏ.எஃப். வந்திருந்தாலும் அது 24 மணி நேரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும், வீட்டுக்குப் போகும்போது துடிப்பு சீராக இருக்க வேண்டும். அதாவது டாக்டர் "உங்களுக்கு ஏ.எஃப். பிரச்சினை இல்லை" என்று அனுப்பிவைக்கும் ரகம். ஆனால் பக்கவாத அபாயம் உள்ளவர்கள். அபாயத்தைக் கணக்கிட சாட்ஸ்-வாஸ்க் என்ற மதிப்பெண்ணைப் பயன்படுத்தினார்கள். 65 வயது தாண்டினால் 1, 75 தாண்டினால் 2, ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, இதயச் செயலிழப்புக்கு 1, ஏற்கெனவே மாரடைப்பு போல ரத்தக்குழாய் நோய் இருந்தால் 1, பெண் என்றால் 1, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. இந்த ஆய்வில் நடுமதிப்பு 4. பெரிய எண் மாதிரித் தெரியும், ஆனால் 66 வயது, பிரஷர், சுகர், ஒரு மாரடைப்பு, இவை இருந்தாலே 4 வந்துவிடும். பைபாஸ் வார்டில் படுத்திருக்கும் மிகச் சாதாரணமான ஆள் இவர்தான்.

பட்டை விஷயத்துக்கு வருவோம். ஹோல்ட்டர் என்று பழைய முறை ஒன்று உண்டு, இடுப்பில் ஒரு பெட்டி, நெஞ்சில் நாலைந்து வயர், ஒருநாள் இரண்டுநாள் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். இப்போது வருகிற பட்டை அப்படி இல்லை, ஒரு பெரிய பிளாஸ்திரி அளவுதான், மின்முனை, பேட்டரி, நினைவகம் எல்லாம் அதற்குள்ளேயே. இந்த ஆய்வில் மெட்ரானிக் நிறுவனத்தின் சீக், கியூபெக்கைச் சேர்ந்த ஐசென்ஷியாவின் கார்டியோஸ்டாட் என இரண்டு வகை பயன்பட்டது. ஒரு பட்டை 30 நாள் தாங்காது, கழற்றிவிட்டு அடுத்ததை ஒட்டிக்கொள்ள வேண்டும். நெஞ்செலும்பைப் பிளந்து தைத்த இடம் பக்கத்திலேயே இருக்கும்போது தோலில் இன்னொன்றை ஒட்டுவது நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், மாதம் முழுக்க ஒத்துழைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

எதைக் கண்டுபிடிப்பு என்று எண்ணினார்கள்? மொத்தமாகக் கூட்டினால் 6 நிமிடமோ அதற்கு மேலோ ஏ.எஃப். அல்லது அதன் தம்பியான ஏட்ரியல் ஃப்ளட்டர் (மேலறை படுவேகமாக, ஆனால் சீராகத் துடிப்பது), இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண 12 லீடு இசிஜியில் பிடிபட்ட ஏ.எஃப். அந்த அளவுகோலில் வந்ததுதான் 32-ம் 3-ம். 6 ஆளுக்கு ஒட்டினால் ஒருவரைக் கூடுதலாகப் பிடிக்கலாம் என்று ஆகிறது. மருத்துவச் சோதனைகளில் இது கொழுத்த அறுவடை.

இந்த இடத்தில்தான் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. 30 நாளில் 6 நிமிடம் துடிப்பு தவறியது ஒருவருக்கு, 30 மணி நேரம் தவறியது இன்னொருவருக்கு, இருவரும் அந்த 32-க்குள்தான் இருக்கிறார்கள். அதே ஆய்விலேயே பிரித்தும் சொல்லியிருக்கிறார்கள்: 6 மணி நேரத்துக்கு மேல் போனவர்கள் 8.6 சதவீதம், 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் 3.1 சதவீதம். 163 பேரில் 5 பேர். 32 என்ற எண் இப்படி 5 ஆகச் சுருங்கும்போது கதையின் சூடு கொஞ்சம் தணிகிறது.

6 நிமிடம் என்ற கோடு எங்கிருந்து வந்தது? கனடாவிலேயே ஹாமில்டன் நகரத்து ஜெஃப் ஹீலி தலைமையில் நடந்து 2012-ல் வெளிவந்த அசர்ட் என்ற ஆய்வு, பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்த 2,580 பேரைத் தொடர்ந்தது. 6 நிமிடத்துக்கு மேல் மேலறைத் துடிப்பு தாறுமாறானவர்களுக்கு, அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், பக்கவாத அபாயம் சுமார் இரண்டரை மடங்கு என்று அது சொன்னது. அப்புறம் 2017-ல் அதே தரவை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அபாயம் தெளிவாக ஏறியது 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தவர்களுக்குத்தான் என்று தெரிந்தது. ஆகவே அந்த 5 பேரைப் பற்றிக் கவலைப்பட வலுவான காரணம் இருக்கிறது, மற்ற 27 பேரைப் பற்றி நேர்மையாகச் சொன்னால் தெளிவில்லை.

கண்டுபிடித்தால் என்ன செய்வது? ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுக்கலாம். இலவசமாக வருவதில்லை அது, ரத்தக்கசிவு என்ற விலை உண்டு, அதுவும் நெஞ்சைப் பிளந்து சில வாரம்கூட ஆகாத உடம்பில், இதய உறைக்குள் ரத்தம் சேர்ந்து இதயத்தையே அழுத்தும் ஆபத்து இருக்கும் நாட்களில். கருவி மட்டும் பிடித்த சிறு அளவு ஏ.எஃப்.-க்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று 2023-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன, இரண்டிலும் நோயாளிகள் பேஸ்மேக்கர் மாதிரியான கருவி உள்ளவர்கள், அறுவை முடிந்து வந்தவர்கள் அல்ல. ஐரோப்பாவின் நோவா ஆய்வு, எடாக்ஸபான் என்ற உறைதடுப்பு மருந்தைக் கொடுத்து, பயன் இல்லை கசிவு அதிகம் என்று சொன்னது. மறுபடியும் ஹீலியின் குழு நடத்திய ஆர்ட்டீசியாவில் 4,012 பேர்; அதே வகை மருந்தான அபிக்ஸபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதமும் உடம்பின் வேறு இடத்தில் கட்டி அடைப்பதும் ஆண்டுக்கு 0.78 சதவீதம், ஆஸ்பிரின் குழுவுக்கு 1.24. ஆனால் பெரிய ரத்தக்கசிவு 1.71-க்கு 0.94. ஒரு பக்கம் குறைந்ததை இன்னொரு பக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது, எது யாருக்கு அதிகம் வலிக்கும் என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். சர்ச்-ஏ.எஃப். ஆய்வுக்குப் பக்கவாதம் குறைந்ததா என்று சொல்லும் அளவுக்கு ஆள்பலம் கிடையாது, 336 பேரில் ஒரு மாதத்தில் அதை அளக்கவே முடியாது, அவர்களும் அதை அளக்கப் புறப்படவில்லை. "பட்டை ஒட்டினால் பக்கவாதம் தடுக்கப்படும்" என்று யாராவது இந்த ஆய்வைக் காட்டிச் சொன்னால், அவர் கட்டுரையின் தலைப்போடு நின்றுவிட்டார் என்று அர்த்தம்.

அமெரிக்க இதயச் சங்கங்களின் 2023 வழிகாட்டுதல் இந்தக் குழப்பத்தில் ஒரு நடுவழி எடுத்தது: இதய அறுவைக்குப் பிறகு புதிதாக ஏ.எஃப். வந்தவருக்கு, ஆபத்தில்லை என்றால், 60 நாள் உறைதடுப்பு மருந்து கொடுப்பது நியாயம், அதன் பிறகு தொடர வேண்டுமா என்று மறுபடி பார்க்க வேண்டும். மறுபடி பார்ப்பதற்குத் துடிப்பு இடையில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? பட்டைக்கு உருப்படியான வேலை இருப்பதாக நான் நினைப்பது இங்கேதான். புது நோயை வேட்டையாடுவதைவிட, மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில் அதற்கு அதிக மதிப்பு.

கைக்கடிகாரம் இதைச் செய்யாதா?

எல்லோரும் கேட்பது இதைத்தான், பட்டையை யார் போய் வாங்குவது, கையில் ஏற்கெனவே வாட்ச் இருக்கிறதே என்று. பதில் கொஞ்சம் வளைந்து வளைந்து போகிறது.

வாட்ச்சில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன, பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, பின்பக்கத்துப் பச்சை விளக்கு. தோலுக்குள் ஒளியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து, இடைவெளிகள் சீராக இருக்கின்றனவா என்று கணக்கிடுகிறது. நோயாளி எதுவும் செய்ய வேண்டாம், அதுபாட்டுக்கு ஓடும், ஆனால் விட்டு விட்டுத்தான் பார்க்கும். ஆப்பிள் வாட்ச் ஒரே ஒரு முறை தாறுமாறு தெரிந்தவுடன் கத்தாது, 6 தொடர் சோதனைகளில் 5-ல் தாறுமாறு தெரிந்தால்தான் எச்சரிக்கும், அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்னொன்று இசிஜி. வலது விரலைப் பொத்தானில் வைத்து 30 நொடி அசையாமல் உட்கார வேண்டும், இடது கைக்கும் வலது கைக்கும் நடுவே ஓடும் மின்சாரத்தைப் பதிகிறது, ஆஸ்பத்திரி இசிஜியின் 12 கோணங்களில் முதல் கோணம் ஒன்று மட்டும். இதில் நோயாளி தானே நினைவு வைத்து எடுக்க வேண்டும்.

கிளீவ்லாந்து கிளினிக்கில் இதய அறுவை முடிந்து படுத்திருந்த 50 பேரின் கையில் நான்காம் தலைமுறை ஆப்பிள் வாட்ச்சைக் கட்டி, வார்டில் ஓடும் மானிட்டரோடு ஒப்பிட்டார்கள், 2020-ல் சர்க்குலேஷன் இதழில் வந்தது. ஏ.எஃப். இருந்த நேரங்களில் வாட்ச் தன் வாயால் "ஏ.எஃப்." என்று சொன்னது 41 சதவீதம்தான். ஏ.எஃப். இல்லாதவர்களிடம் பொய்யாக ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அடுத்தது இன்னும் சுவாரசியம்: அதே வாட்ச் எடுத்த இசிஜிக் கோட்டை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தபோது 96 சதவீதம் பிடித்துவிட்டார்கள். கோட்டில் நோய் இருந்திருக்கிறது, பெயர் சூட்டும் மென்பொருள்தான் தடுமாறியிருக்கிறது. அந்தக் காலத்து மென்பொருள் நிமிடத்துக்கு 120-க்கு மேல் துடித்தால் ஏ.எஃப். என்று பெயர் சொல்லாது, முடிவில்லை என்றோ துடிப்பு அதிகம் என்றோ ஒதுங்கிக்கொள்ளும். அறுவைக்குப் பிறகு வரும் ஏ.எஃப். பலருக்கு அதைத் தாண்டித்தான் ஓடும். தடுமாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பிறகு வந்த பதிப்பில் எல்லையை 150 வரை உயர்த்தினார்கள்.

சிட்னியில் இன்னும் எளிமையாகச் செய்தார்கள். கைபேசியோடு இணைக்கும் அலைவ்கோர் இசிஜி அட்டையை, வார்டில் ஏ.எஃப். வந்து சரியாகி வீடு திரும்பிய 42 பேரிடம் கொடுத்து, நாலு வாரம் தாங்களே எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். 10 பேருக்கு மறுபடி வந்திருந்தது, வீடு திரும்பிய 17 நாளுக்குள். பெரும்பாலானோருக்குப் படபடப்பு எதுவும் தெரியவில்லை. 2016-ல் வந்த சின்ன ஆய்வுதான், ஆனால் சர்ச்-ஏ.எஃப். பின்னால் சொன்னதோடு திசை ஒத்துப்போகிறது.

வாட்ச் கோட்டைவிடும் இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏட்ரியல் ஃப்ளட்டரில் மேலறை நிமிடத்துக்கு 300 தடவை அடித்து, இரண்டுக்கு ஒன்று கீழறைக்கு இறங்கினால், நாடி 150-ல் கடிகாரம் மாதிரி சீராக ஓடும். சீர்கேட்டைத் தேடும் பச்சை விளக்குக்கு அதில் குறை ஒன்றும் தெரியாது. மாறாக, ஆபத்தில்லாத கூடுதல் துடிப்புகள் நிறைய வந்தால் வாட்ச் வீணாகப் பதறலாம். கை சில்லிட்டிருந்தால், நடுங்கினால், பட்டி தொளதொளவென்றிருந்தால் பதிவு கெடும். பைபாஸுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: சில நேரம் மாற்றுக்குழாயாக முன்கையின் ரேடியல் தமனியையே எடுப்பார்கள், வழக்கமாக அதிகம் பயன்படுத்தாத கையிலிருந்து, பெரும்பாலானோருக்கு அது இடது கை, வாட்ச் கட்டும் அதே கை. தையலும் வீக்கமும் இருக்கும் மணிக்கட்டில் வாட்ச்சை இறுக்கிக் கட்ட முடியாது. வலது கைக்கு மாற்றலாம், மாற்றினால் செட்டிங்கில் கையையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இசிஜிக் கோடு தலைகீழாக வந்து பார்ப்பவரைக் குழப்பும்.

இன்னொரு முடிச்சு, இது எனக்கு எரிச்சலையே தருகிறது. ஆப்பிளின் ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை, ஏ.எஃப். இருப்பதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்கு அல்ல என்று அதன் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. அவர்களுக்கு வேறு வசதி, வாரத்தில் எத்தனை சதவீத நேரம் ஏ.எஃப். இருந்தது என்ற மதிப்பீடு, அதற்கு வாட்ச்சை வாரத்தில் குறைந்தது 5 நாள், நாளுக்கு 12 மணி நேரமாவது கட்டியிருக்க வேண்டும். அப்படியென்றால் மூன்றாம் நாள் வார்டில் சில மணி நேரம் ஏ.எஃப். வந்து அடங்கியவர் எந்தப் பெட்டியில் டிக் அடிப்பார்? இருக்கிறது என்றா, இல்லை என்றா? டாக்டரிடம் கேட்காமல் அவரே ஒன்றை அமுக்கினால், தேவையான வசதியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நிலைதான்.

இவ்வளவுக்கும் நடுவே வீட்டில் ஒருவருக்குப் பைபாஸ் முடிந்து, கையில் இசிஜி எடுக்கும் வாட்ச் இருக்கிறது என்றால், காலை ஒருமுறை இரவு ஒருமுறை, அப்புறம் ஏதாவது ஒரு மாதிரியாக இருக்கும்போதெல்லாம் 30 நொடி எடுத்து வைக்கலாம். திரையில் வரும் சொல்லை மட்டும் நம்பாமல், முடிவில்லை என்று வந்ததையும் சேர்த்து, கோட்டையே பிடிஎஃப்பாக எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அந்த 41-க்கும் 96-க்கும் நடுவில் இருப்பது அந்தக் காகிதம்தான். வாட்ச் எதையோ சொன்னது என்பதற்காக உறைதடுப்பு மாத்திரையைத் தொடங்கவும் கூடாது, ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக நிறுத்தவும் கூடாது. மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை தொங்குதல் இவற்றில் எது வந்தாலும் விரலைப் பொத்தானில் வைத்து 30 நொடி எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சர்ச்-ஏ.எஃப். ஆய்வில் பட்டையின் பதிவைப் படித்து உறுதிசெய்ய ஆட்கள் இருந்தார்கள். வீட்டு வாட்ச்சில் இரவு 11 மணிக்கு விழும் கோட்டை யார் படிப்பது, எத்தனை மணிக்குள், அதற்கு யார் பொறுப்பு என்பதை டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டு, எந்த நம்பருக்கு அனுப்புவது என்று அதன் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.